அறுபதா, அறுபத்தேழரையா

மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்தவனை ஊரார் பார்க்கும்போது முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். பிறகு சட்டை தோளில் நிற்கிறதா, தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். முகத்துக்கு வருவது கடைசியில்தான். சுருளிக்கு இது பழகிவிட்டது.

நோய்க்கு முன்னால் அவன் பளுதூக்குவதில் அறுபத்தேழரைக் கிலோப் பிரிவுக்காரன். மதுரை மாவட்டத்தில் அந்தப் பிரிவில் அவனை மிஞ்ச ஆள் இல்லாமல் இருந்தது. நோய் வந்து எலும்பையும் கண்ணையும் மட்டும் விட்டுவைத்தது. மனைவி அன்னக்கொடி கீழாநெல்லியில் தொடங்கி, கஞ்சிக்கு வந்து, குழைந்த சோற்றுக்கு வந்து, ஒரு நாள் பயந்து பயந்து ஒரு முட்டையை அவித்துக் கொடுத்தாள். அது உடம்பில் தங்கியது. அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருடத்தில் அவனை அறுபத்துநாலுக்குக் கொண்டுவந்தாள்.

அறுபத்துநாலில் அவன் போடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பிப் போனான்.

கூடத்தை நடத்தியவன் உக்கிரபாண்டி. அரிசி மில் வைத்திருந்தான். மூட்டை தூக்க வந்தவர்களில் தேறுகிறவனைப் பிடித்துக் கம்பி தூக்க வைப்பான். சுருளியை அங்கே இருந்த தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அறுபத்துநாலுங்கிறது ஒரு எடையே இல்லடா மாப்ளே. பஸ்சு ஸ்டாண்டுல எந்த ஊருக்குப் போறதுன்னு தெரியாம நிக்கிறவன் மாதிரி நிக்கிற. ஒண்ணு, உருப்படியா ஏறி அறுபத்தேழரைக்கு வா. இல்ல, எறங்கி அறுபதுல நில்லு."

"ஏறுனா என்னண்ணே?"

"ஏறுறதுக்கு வருசம் ஆகும். தை மாசம் போட்டி. அப்படியே ஏறி வந்தாலும் அங்க காசிராஜன் உக்காந்திருக்கான். ஒன் கம்பிக்கு எடைத்தட்டு மாட்டி விட்டுக்கிட்டு இருந்த பய, இப்ப எருமைக்கடா மாதிரி ஆயிட்டான்."

"எறங்குனா?"

"அறுபதுல யாரு இருக்கா? பெரியகுளத்தான் ஒருத்தன். அவன் தூக்குறத நீ பல்லு வெளக்கிக்கிட்டே தூக்கிருவ."

சுருளிக்கு அன்றே முடிவாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முதலாவதாக வந்துவிட வேண்டும். காமாலைக்காரன் என்கிற பெயர் அதோடு போய்விட வேண்டும். டீக்கடையில் அவனுக்குத் தனி டம்ளரில் ஆற்றிக் கொடுக்கிறார்கள். அக்கறையாகத்தான் செய்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அன்னக்கொடி கேட்டாள். "கூடத்துக்காரரு என்ன சொன்னாரு மாமா?"

"ஏறணும்னாரு" என்றான்.

பாதி உண்மை. மீதியைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் ஊட்டி ஊட்டி ஏற்றியதைக் கரைக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அவள் முகம் விரிந்தது. அன்றைக்கே உளுந்தை வறுக்கப் போட்டாள்.

சிலமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்பு ஒன்றைச் சுருளி ஓட்டிக்கொண்டிருந்தான். விடிகிற நேரத்துக்கு ஏற்றினால் போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும். அன்னக்கொடியும் அந்த ஜீப்பில் வருகிறவள்தான். பின்னால் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து வருவாள். அவனுக்கான தூக்குச்சட்டியை மட்டும் முன்சீட்டுக்கு அடியில் வைப்பாள். நல்லெண்ணெய் மிதக்கிற உளுந்தங்களி, கருப்பட்டி, இரண்டு அவித்த முட்டை.

அவள் காட்டுக்குள் போனதும் சுருளி தூக்குச்சட்டியைத் தோட்டத்து வாச்சர் மொக்கையனிடம் கொடுத்துவிடுவான். மலையிலேயே காலம் கழித்த மொக்கையனுக்குப் பாதிப் பேச்சு மலையாளம். முதல் நாள் கூச்சப்பட்டான். "மதி மதி, போதும், ஒனக்கு வேணும்ல" என்றான். இரண்டாவது வாரம் சட்டியை எதிர்பார்த்துச் சாலைக்கே வந்து நின்றான். சுருளி மோரில் கரைத்த கேப்பைக் கூழை அரை டம்ளர் குடித்துவிட்டு, ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

பச்சைக்காய் நிறுக்கிற கொட்டகையில் ஒரு தராசு உண்டு. தரையோடு பலகை, மேலே கம்பியில் நகர்கிற குண்டு. உலர்ந்த காயை நிறுக்கிற தராசு ஸ்டோருக்குள் பூட்டிக் கிடக்கும். இது மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் திறந்தே கிடந்தது. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் சுருளி பனியனைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பான். வாரத்துக்கு வாரம் குண்டு இடப்பக்கமாக வந்தது. அறுபத்திரண்டரை. அறுபத்தொன்றே முக்கால். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது சில நேரம் கண் இருட்டியது. அதை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

மார்கழியில் ஒரு சாயங்காலம் ஜீப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஜக்கம்மாள் சத்தமாகக் கேட்டாள். அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

"ஏ அன்னக்கொடி, நீ யாருக்குடி களி கிண்டுற? ஒம் புருசனுக்கா, வாச்சருக்கா?"

"ஏன் மதினி?"

"வாச்சர் மொக்கையனுக்குக் காக்கிச் சட்டை பொத்தான் போட மாட்டேங்குது. ஒம் புருசனுக்கு இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது. களி மலையேறுனதும் ஆளு மாறிப்போகுதோ என்னமோ!"

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. சுருளி கியரை மாற்றினான். அன்னக்கொடி சிரித்தாளா என்று கண்ணாடியில் பார்த்தான். அவள் வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் தூக்குச்சட்டி இன்னும் கனமாக இருந்தது. அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

போட்டிக்கு முந்தின நாள் கொட்டகைத் தராசில் குண்டு அறுபதில் வந்து நின்றது. நூல் பிசகவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பல் வலி என்று சொல்லித் தள்ளிவிட்டான். காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் போடிக்குப் போனான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தது. மணமகள் அறையில் எடை பார்த்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தராசைத் தட்டிப் பார்த்தார்.

"அறுபத்தொண்ணு நானூறு."

சுருளி கீழே பார்த்தான். கால் பலகையில் சரியாகத்தான் இருந்தது.

"சார், நேத்து நான் அறுபதுதான் சார். தராசு..."

"இது சர்க்கார் முத்திரை போட்ட தராசு. ஒரு மணி நேரம் இருக்கு. கொறைச்சிட்டு வந்து மறுபடி ஏறலாம். இல்லேன்னா மேல் பிரிவுல பேர் குடுத்திரு."

உக்கிரபாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "எங்கடா பார்த்த எடைய? கூடத்துல தராசு இல்லையா? கடைசியில அங்க வர்றதையும் நிறுத்திட்டு, மலையில எவன் தராசுல ஏறுன?"

கூடத்தில் ஏறினால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் அன்னக்கொடிக்குத் தெரியும் என்று சுருளி சொல்லவில்லை. உக்கிரபாண்டி கம்பளி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து அவன்மேல் போர்த்தி மண்டபத்தின் பின்பக்கம் விரட்டினான். "ஓடு. துப்பிக்கிட்டே ஓடு. வெரசா!"

சமையல் செய்கிற இடம் அது. அடுப்புக் கற்களைச் சுற்றிச் சுருளி ஓடினான். வாயில் எச்சில் இல்லை. புளியை நினைத்துக்கொண்டு துப்பினான். கம்பளிக்குள் உடம்பு கொதித்தது.

சிலமலைப் பஸ்சில் வந்து இறங்கிய அன்னக்கொடி ஆளைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். கையில் பாத்திரம். கம்பளியும் வியர்வையுமாக ஓடுகிறவனைப் பார்த்து நின்றாள். உக்கிரபாண்டிதான் நடந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டு நைசாக உள்ளே போய்விட்டான்.

சுருளி நின்றான். மூச்சு வாங்கியது.

"அறுபதுக்கு எறங்குனேன் புள்ள" என்றான். "ஏறணும்னு ஒங்கிட்டச் சொன்னது பொய்யி."

"தெரியும்."

"எப்ப?"

"ஜக்கம்மா மதினி சொல்றதுக்கு முன்னாடியே. ராத்திரி ஒம் முதுகுல கைய வச்சா எலும்பு தட்டுது. எனக்குத் தெரியாதா? களியக் கூட வச்சேன். அப்பவாவது சொல்லுவன்னு பார்த்தேன்."

அவன் கம்பளி முனையால் முகத்தைத் துடைத்தான்.

"எந்தத் தராசுல பார்த்த?"

"பச்சைக்காய்த் தராசு."

அன்னக்கொடி அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அது ஈரம் கழிக்கிற தராசு மாமா. மழையில நனைஞ்ச காயி, கூடை, தண்ணி எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணரைக் கிலோ முன்னாடியே தள்ளித்தான் வச்சிருக்கான். எத்தனை தடவ அதுக்காகக் கங்காணிகூடச் சண்ட போட்டிருக்கோம். காயெடுக்கப் போற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

அவன் காட்டுக்குள் போனதே இல்லை. அவன் ஜீப்பில் ஏற்றி வந்த காயெல்லாம் ஸ்டோருக்குள் எடைபோட்ட உலர்ந்த காய்.

உள்ளே போய் மறுபடி தராசில் ஏறினான். அறுபது எண்ணூறு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்குப்பா."

உக்கிரபாண்டிக்கு உயிர் வந்துவிட்டது. "இன்னும் அரைமணி ஓடு. தலைமுடியச் செரைச்சிருவோம். கெடச்சிரும்டா!"

கிடைத்துவிடும். சுருளிக்கும் அது தெரிந்தது. பெரியகுளத்தான் வாசற்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கை காலெல்லாம் குச்சி. அவனைத் தாண்டினால் முதலிடம்.

கம்பளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தான். போர்த்தப் போனபோது கண் இருட்டியது. அடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டான். அன்னக்கொடி அதைப் பார்த்தாள். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை.

"கண்ணப் பாரு புள்ள" என்றான்.

அவள் அருகில் வந்து, கட்டை விரலால் அவன் கீழ் இமையை இழுத்து, வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கண். பிறகு அடுத்த கண். நோயில் கிடந்தபோது தினமும் காலையில் இப்படித்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போவாள்.

"மஞ்சளா இருக்கா?"

"இல்ல. வெள்ளையாத்தான் இருக்கு."

"இன்னும் அரை மணி ஓடுனா?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா?" அவள் விரலை எடுத்தாள். "நோவு வந்தப்பவும் தெரியலையே எனக்கு."

சுருளி கம்பளியை அடுப்புக் கல்லின்மேல் போட்டான். உள்ளே போனான்.

"அறுபத்தேழரையில எழுதிக்கங்க சார்."

உக்கிரபாண்டி அவனோடு பேசவில்லை. அன்னக்கொடி பாத்திரத்தைத் திறந்தாள். எள்ளுப்பொடி தடவிய தோசை. இரண்டைத் தின்றதும், "போதும், தூக்கணும்" என்றான். அவள் மூடி வைத்தாள்.

அறுபத்தேழரைக்காரர்கள் வரிசையில் வந்து நின்றபோது காசிராஜன் ஓடி வந்தான்.

"அண்ணே, இங்கயா? அறுபதுன்னாங்க?"

"எடை கூடிப்போச்சு."

"ஒங்களுக்கா?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு பிடி வழுக்காமல் இருக்கச் சுருளிக்கு மாவு கொண்டுவந்து கையில் தடவிவிட்டான்.

அவனைத் தவிர ஐந்து பேர். எல்லோருக்கும் கழுத்து இருந்தது. அவர்களுக்கு நடுவில் சுருளி சட்டை மாட்டிய ஆணிபோல நின்றான். ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவதில் இரண்டு முறை ஜெயித்து மூன்றாவதை விட்டான். தோளில் வாங்கித் தூக்குவதில் முதல் இரண்டும் ஏறின. கடைசி முறைக்கு நூற்றுப் பத்துக் கிலோ கேட்டான். உக்கிரபாண்டி வாய் திறந்து, மூடினான்.

கம்பி தொடை வரை வந்தது. தோளுக்கு வந்தது. அதன் கீழே உட்கார்ந்துவிட்டான். எழ முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முட்டி நடுங்க நடுங்க எழுந்தான். எழுந்து நின்று மூச்சு விட்டான். தலைக்கு மேல் தள்ளினான். நெற்றி உயரத்தில் கம்பி நின்றது. பிறகு இறங்கியது. விட்டுவிட்டான். பலகை அதிர்ந்தது.

"காமாலைக்காரன் எந்திரிச்சிட்டானேய்யா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவதாக வந்தான். காசிராஜன் முதலாவது. அறுபதில் பெரியகுளத்தான் முதலாவது.

சாயங்காலம் பஸ்சு ஸ்டாண்டில் சிமெண்டுப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சத் தோசையை அவன் தின்றுகொண்டிருந்தான். ஆடி மாதம் திண்டுக்கல்லில் இன்னொரு போட்டி என்று கிளம்பும்போது உக்கிரபாண்டி சொல்லி அனுப்பியிருந்தான். கோபத்தோடுதான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

"அதுக்கு எப்படி?" என்று அன்னக்கொடி கேட்டாள். "ஏறப் போறியா, எறங்கப் போறியா?"

"நீ சொல்லு."

"எனக்குப் புடிச்சதச் சொல்லாத. ஒனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு."

அவன் தோசையை மென்று விழுங்கினான். "எறங்கணும்னுதான் தோணுது."

அவள் சாலையைப் பார்த்தாள். சிலமலைப் பஸ்சு வந்து திரும்பி நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவினான். அவள் எழவில்லை.

"எம்புட்டு நாள்ல?"

"சித்திரைக்குள்ள."

"ஆனி."

"ஆனின்னா ரொம்பத் தள்ளிப்போகுது புள்ள. ஆடியில போட்டி."

"அப்ப வைகாசிக் கடைசி. அதுக்கு முன்னாடி முடிக்கணும்னு ஒரு பிடி சோறு கொறைக்க விட மாட்டேன்."

"சரி, வைகாசி."

"காலையில ரெண்டு முட்டை உண்டு."

"ஒண்ணு."

"ரெண்டு."

"ரெண்டு தின்னா எப்படிப் புள்ள எறங்குறது?"

"களிய வேணா நிறுத்திக்க. முட்டை ரெண்டு."

"மஞ்சக்கருவ எடுத்துட்டு."

"ஒண்ணுல எடுத்துக்க. ஒண்ணு முழுசு."

கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ்சு புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது. அடுத்த பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. சுருளி மோரைப் பற்றிப் பேச்செடுத்தான்.