சினை நிற்காத மந்தை

ரிஸ்டெனுக்குத் தூக்கம் வரவில்லை. மேய்ச்சல் குடிசையின் ஒரே அறை. அடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவும் ஹெய்க்கா மாமாவும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரே தோல் விரிப்பில் அவளும் மாமா மகள் காரெனும். விடிந்ததும் இரண்டு வீட்டுப் பனிமான்களையும் ஒன்றாகக் கலந்து, கன்று போட கடலோரத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

"காரெனு... தூங்கிட்டியாடி?"

"ஆமா, செத்துட்டேன். என்ன?"

"எங்க பொட்டைங்க தலையப் பாத்தியா?"

"பாத்தேனே. பாதி மொட்டையா நிக்குது, உங்கப்பா மாதிரி." காரென் போர்வைக்குள் சிரித்தாள்.

"சிரிக்காதடி. சினையா இருக்கிற பொட்டை இப்பவே கொம்ப உதிர்க்குமா?"

காரெனின் சிரிப்பு நின்றது. மான் வளர்க்கிற வீட்டில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். இணை சேரும் பருவம் முடிந்ததுமே கிடாவுக்குக் கொம்பு விழுந்துவிடும். சினைப் பொட்டை மட்டும் கன்று போடுகிறவரை சுமந்து நிற்கும். பனியைத் தோண்டித் தின்னும் குழியிலிருந்து கிடாவை முட்டி விரட்ட அது வேண்டும். வயிறு காலியானால் கொம்பும் போய்விடும்.

"சினை புடிக்காம போயிருக்கும். சில வருசம் அப்படித்தான்."

"புடிச்சிருந்துச்சு. டிசம்பர்ல டாக்டரம்மா வந்து கழுத்துல ரத்தம் எடுத்தாங்க. சினையத் தாங்குற ஹார்மோன் எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னாங்க. அப்பாவுக்கு அன்னிக்கு வாயெல்லாம் பல்லு."

"அப்புறம்?"

ரிஸ்டென் குரலை இன்னும் தாழ்த்தினாள். அவளுடையது என்று காதில் குறி வெட்டிய சாம்பல் பொட்டைதான் முதலில் ஒற்றைக் கொம்போடு வந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு பூர்ச்ச மரங்களுக்குப் பின்னால் போனாள். பனியில் ஏதோ கிடந்தது. முயலளவுதான் இருக்கும். உடம்பில் ரோமமே இல்லை, குளம்பு மட்டும் இருந்தது. தொட்டபோது மெழுகு மாதிரி அழுந்தியது.

"அப்பாவக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். பூட்ஸால பனியத் தள்ளி மூடிட்டு, நரி போட்டுட்டுப் போன முயலுங்கிறாரு. முயலுக்கு ஏதுடி குளம்பு? அன்னிலேர்ந்து தினம் விடியுறதுக்கு முன்னாடி சாக்க எடுத்துட்டுப் போயிடுறாரு. விழுந்த கொம்பெல்லாம் பொறுக்கி எங்க கொண்டு போய்ப் புதைக்கிறாருன்னு தெரியல."

"எங்கப்பா கேக்கவே இல்லியே."

"மாமா எப்படிக் கேப்பாரு?"

ஒருவருடைய மந்தையில் எத்தனை உருப்படி என்று கேட்பது, பையில் எவ்வளவு பணம் என்று கேட்பது மாதிரி; அவர்கள் மேய்க்கிற பீடபூமியில் எங்கும் இல்லாத வழக்கம். கூடிற்றா குறைந்ததா என்றும் கேட்க மாட்டார்கள். மாமா அன்று மதியம்தான் தன் மந்தையோடு வந்து சேர்ந்தார். மொட்டைத் தலைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு காப்பியில் காய்ந்த இறைச்சியைப் போட்டு ஊறவைத்தபடி, "இந்த வருசம் காத்து ஜாஸ்தி," என்றார். அதோடு சரி.

"எதனாலடி இப்படி?"

"ஜனவரில மழை பேஞ்சு எல்லாம் ஐஸாயிடுச்சுல்ல. தோண்ட முடியாம பட்டினி கிடந்துச்சுங்க. அப்பா ஊறுகாய்ப்புல் உருளை வாங்கிட்டு வந்தாரு, காத்துப் புகாம பிளாஸ்டிக் சுத்திப் புளிக்க வச்ச புல்லு. அண்டங்காக்கா பிளாஸ்டிக்கக் கொத்திக் கிழிச்சிருச்சு. உள்ள நீலமா பூசணம். இன்னிக்கு மேட்டு மேல ஏறி டாக்டரம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். அந்தப் புல்லுதான்னு சந்தேகப்படுறாங்க. கிருமி உள்ள போச்சுன்னா அந்த ஹார்மோன் படுத்துடுமாம், கன்னு நிக்காதாம். வேற தொத்து நோயாவும் இருக்கலாமாம். தான் வர்ற வரைக்கும் புல்ல நிறுத்து, யார் மந்தையோடயும் கலக்காதன்னாங்க. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

காரென் எழுந்து உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் எங்க மந்தைக்கு உங்கப்பா என்ன போட்டாரு?"

ரிஸ்டென் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"வாயத் தொறடி."

"அதேதான். விருந்தா வந்த மந்தைக்குப் போடலேன்னா ஏன்னு தோணும்ல மாமாவுக்கு? அதான் போட்டாரு. பெரிய உருளையாப் பாத்துப் போட்டாரு."

"நீ பாத்துக்கிட்டு நின்ன?"

ரிஸ்டென் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குறட்டைதான் கேட்கிறது. எப்போதிலிருந்து ஒன்று என்று தெரியவில்லை.

காரென் போர்வையை உதறிவிட்டுப் போய் மாமாவின் தோளை உலுக்கினாள். காதருகே குனிந்து சொன்னாள். மாமா பாதியில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு திரும்பி, கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான். தூங்குற மாதிரி கிடக்காத."

அப்பா கண்ணைத் திறந்தார். "சின்னப் புள்ளைங்க, ராத்திரில கதை கட்டுதுங்க."

"எத்தனை?"

அந்தச் சொல்லை ஒரு பெரிய மனிதர் இன்னொருவரிடம் கேட்டு ரிஸ்டென் பார்த்ததே இல்லை. அப்பாவின் முகம் அறை வாங்கியதுபோல் சிவந்தது.

"எத்தனை பொட்டை கன்ன வீசுச்சுன்னு கேக்குறேன்."

அப்பா எழுந்து அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு விறகைத் தணலுக்குள் தள்ளினார்.

"சினை நிக்கிறதக் கேளு மச்சான்," என்றார். "அத விரல் விட்டு எண்ணிடலாம்."

மாமா எழுந்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு, தலைவிளக்கோடு வெளியே ஓடினார். காரென் பின்னால் ஓடினாள். ரிஸ்டென் வாசல்வரைதான் போனாள். வேலிக்குள் மாமாவின் பொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. அத்தனைக்கும் கொம்பு நிமிர்ந்து நின்றது. புல் உருளை வைத்த இடத்தில் மாமா மண்டியிட்டு இரண்டு கையாலும் பனியைக் கிளறினார். கிழிந்த பிளாஸ்டிக் மட்டும்தான் கையில் வந்தது. ஒரு துரும்புகூட மிச்சம் வைக்காமல் தின்றிருந்தன.

படுத்தபடியே அவை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.