புளித்தண்ணீரில் வளர்ந்த வெள்ளை

ஜமுனாமரத்தூரில் பேருந்து நிற்பதற்கு முன்பே மஞ்சுளா எழுந்து படியருகே வந்துவிட்டாள். போளூரிலிருந்து மலையேறும் வழியெல்லாம் அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஆலையில் சுத்தம் செய்த தண்ணீரைப் பார்க்க, ஓடையின் கீழ்ப்பக்கம் இருக்கும் கீழூர்க்காரர்கள் மறுநாள் வருகிறார்கள்.

புளிச்சாறு ஆலையின் கழிவுநீர் அவள் பொறுப்பு. புளியை ஊறவைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் பழுப்புத் தண்ணீர் இத்தனை நாளும் நேராக ஓடையில் போய்க்கொண்டிருந்தது. ஓடை நாறியது; மாடுகள் வாய் வைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் மஞ்சுளா ஒரு பூஞ்சையை வளர்த்தாள். தண்ணீரிலுள்ள சர்க்கரையைத் தின்று அது பஞ்சு மெத்தைபோலத் தடிக்கும். எடுத்து உலர்த்தினால் கோழித்தீவனம். மிச்சத் தண்ணீர் மணலில் வடிந்து தெளிந்துவிடும். சின்னத் தொட்டியில் பலமுறை பார்த்தாயிற்று. பெரிய தொட்டியில் இதுதான் முதல் தடவை.

ஆலைக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வெள்ளை மெத்தையைக் காணோம். சாம்பல் நிறத்தில் ஏதோ வழவழவென்று மிதந்தது. புளிப்பைக் காட்டும் தாளை நனைத்துப் பார்த்தாள். புளித்தண்ணீரில் புளிப்பே இல்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ராஜாக்கண்ணுவிடம் கேட்டாள். "அண்ணா, இதுல இன்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலம்மா."

அவள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். குழாயைத் தொட்டாள், காற்று மோட்டாரைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி மூடியைத் திறந்தாள். ராஜாக்கண்ணு பொறுக்கமுடியாமல் சொன்னார்.

"லேசா வாடை வந்துச்சும்மா. நாளைக்கு ஊர்க்காரங்க மூக்கப் புடிச்சிக்கினு நிப்பாங்களேன்னு சுண்ணாம்பு கொட்டுனேன். நல்லதுக்குத்தான்."

"புளிப்பு இருந்தாத்தாண்ணா அது உயிரோட இருக்கும். இப்போ வேற கிருமி ஏறிக்கிச்சு."

இதை அவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியதும் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை.

ஆலைக்காரர் ரமேஷ் வந்து எட்டிப் பார்த்தார். "போர் தண்ணிய நிறைய கலந்து வுடுங்க. தெளிவா தெரிஞ்சா போதும். ஒரு நாள் கூத்துதானே."

மஞ்சுளா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராஜாக்கண்ணு ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைக் கொண்டுவந்து மாட்டினார்.

மறுநாள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். ஓடையோரம் சாமை போடும் வெள்ளையம்மாள் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. ரமேஷ் சிரித்தபடி கையை நீட்டிக் காட்டினார்.

"கண்ணுக்குத் தெளிவாத்தான் கீது," என்றாள் வெள்ளையம்மாள். "என் மாடு சொல்லட்டும்." கயிற்றைத் தளர்த்தினாள்.

ஓடை வற்றியிருந்ததால் பசு தாகத்தில் இருந்தது. அது தலையைத் தாழ்த்தியதும் மஞ்சுளா குறுக்கே போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"வேணாங்க. குடிக்க வுடாதீங்க. இது சுத்தம் ஆகல. போர் தண்ணி கலந்துகீது. தொட்டி கெட்டுப்போச்சு."

ரமேஷின் முகம் கறுத்தது. வெள்ளையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ எதுக்கு எங்கள வரச்சொன்னீங்க?"

"நான் நேத்தே சொல்லியிருக்கணும். தொட்டி சரியாவுற வரைக்கும் ஒரு சொட்டு ஓடைக்கு வராது."

"உங்க பேச்ச நம்பிக்கினு போவ முடியாது," என்றாள் வெள்ளையம்மாள். ஊர்க்காரர்கள் அங்கேயே நின்று ஓடைக்குப் போகும் வால்வைப் பூட்டவைத்தார்கள். சாவியை வெள்ளையம்மாளே வாங்கி மடியில் முடிந்துகொண்டாள்.

கழிவுநீரை விட வழியில்லாமல் ஆலை நின்றது. ரமேஷ் மஞ்சுளாவோடு பேசுவதை விட்டுவிட்டார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. இதைச் செய்ய வேறு ஆள் இல்லை. அவளும் ராஜாக்கண்ணுவும் தொட்டியைக் கழுவினார்கள். வேலூர் ஆய்வகத்தில் வைத்திருந்த விதைப்பூஞ்சையை எடுத்துவந்து, அதற்கு வேண்டிய அளவு மட்டும் புளி பிழிந்து, முதலில் வாளியில், பிறகு பீப்பாயில், கடைசியில் தொட்டியில் வளர்த்தார்கள். தாளை நனைத்துப் பார்க்க ராஜாக்கண்ணு கற்றுக்கொண்டார். அவள் பேருந்தில் இருக்கும்போதே போன் செய்து "புளிப்பு நல்லாக்கீதும்மா" என்பார்.

மழைக்காலம் தொடங்கும்போது தொட்டி முழுக்க வெள்ளை பிடித்தது. இருவரும் சேர்ந்து அதைச் சுருட்டித் தூக்கினார்கள்; நனைந்த ஜமுக்காளம்போலக் கனத்தது. அடியில் வடிந்த தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஓடையில் விடலாம் என்று பதில் வந்த பிறகுதான் கீழூருக்கு ஆள் அனுப்பினாள்.

வெள்ளையம்மாள் வந்தாள். தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மோந்தாள், நாக்கில் வைத்துத் துப்பினாள். சாவியைக் கொடுத்தாள். பிறகு வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பூஞ்சையை ஒரு துண்டு கிள்ளினாள்.

"கோழி நெசமாவே துன்னுமா?"

"துன்னும்ங்க. கொஞ்சம் எடுத்துக்கினு போய்ப் பாருங்க."

"பாக்கறேன். கோழிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இங்கதான் வருவேன்."

"வாங்க," என்றாள் மஞ்சுளா. ராஜாக்கண்ணு வால்வைத் திறந்தார். மஞ்சுளா தண்ணீரோடு கூடவே, செருப்பைக் கையில் பிடித்தபடி, ஓடையோரமாக வேகவேகமாகக் கீழே நடந்தாள்.