அறுபத்து மூன்று சர்வீஸ் சீட்டுகள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஐந்து ராட்சத வாஷிங் மெஷின்கள். மூன்றாவது சுழலத் தொடங்கினால் நாலு தெரு தள்ளி டம்ளரில் இருக்கும் தண்ணீரில் அலை எழும். அத்தனை இரைச்சலிலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சொல்வாள்: "முதல் மெஷின்ல பேரிங் முனகுது." பிரித்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். அதனால்தான் அவளுக்கு டாக்டரக்கா என்று பெயர்.

டாக்டரக்கா மெஷினைத் தொடக் கூடாது. அதற்குக் கம்பெனி மெக்கானிக் இருந்தான். வருவான், "எங்கக்கா பழுது?" என்பான், இவள் விரல் நீட்டுவாள். பத்து நிமிஷத்தில் முடித்து, சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவான். சம்பளம் இவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அவன் வந்ததிலிருந்து ஆறு வருஷம் விரல் நீட்டிச் சலித்துப்போய், நாற்பத்தோராவது வயதில் டாக்டரக்கா தொழில்நுட்பக் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி வந்துவிட்டாள். இயந்திரப் பராமரிப்பு டிப்ளமா, இரண்டு வருஷம். திங்கட்கிழமை கடைசி நாள்.

ஞாயிறு காலை அவள் புருஷன் கணக்குப் போட்டார். அவர் தையல்காரர், காகிதம் தேட மாட்டார். யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டுத் துணியின் முதுகில் சாக்பீஸால் எழுதினார்.

"ஃபீஸ், உன் சம்பளத்துல பத்து மாசம். ரெண்டு வருஷம் அரை ஷிஃப்ட்னா பன்னெண்டு மாசச் சம்பளம் போச்சு. ஆக இருபத்திரெண்டு. கையில இருக்கறது பன்னெண்டு மாசம்."

அந்தப் பன்னிரண்டும், பொத்தான் துளை தைக்க அவர் வாங்க நினைத்த காஜா மெஷினுக்காகச் சேர்த்தது. அதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

"படிச்சா ஒன்றரைச் சம்பளம்" என்றாள் அவள்.

"மாசம் அரைச் சம்பளம் கூட. போட்டதை எடுக்கவே நாப்பத்திநாலு மாசம் ஆகும்மா. அதுகூடப் பரவால்ல. இந்தப் பத்துக்கு எங்க போறது?"

மூலையில் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் நூலைக் கடித்தாள். "அண்ணி கிளாசுக்குள்ள நுழைஞ்சா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்கண்ணே, டீச்சர்னு நினைச்சு."

"நிக்கட்டும். எனக்கு உக்கார இடம் கிடைக்கும்" என்றாள் டாக்டரக்கா.

திங்கள் காலை, தவணையாவது உண்டா என்று கேட்கக் கல்லூரிக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"தவணை இல்லம்மா. வேலை அனுபவம் இருந்தா ஒரு சின்னத் தேர்வு வெச்சு முதல் வருஷத்தைத் தாண்ட விடுவோம். எழுத்துல ஆதாரம் வேணும்."

"பதினாலு வருஷமா மெஷின்கூடதான் குடும்பமே நடத்தறேன்."

"எழுத்துல வேணும்."

அவளுடைய வேலை அட்டையில் 'சலவைத் தொழிலாளி' என்று மட்டுமே இருந்தது. முகம் சுண்டிப்போய் வேலைக்குத் திரும்பினாள். அங்கே நாலாவது மெஷினில் பெல்ட் அறுந்து, மெக்கானிக் வந்திருந்தான். வழக்கம்போல பத்து நிமிஷம். சீட்டு எழுத மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அவன் எழுத்து மைக்குள் விழுந்து எழுந்த எறும்பு நடந்ததுபோல் இருக்கும். அவள் ஒரு நாளும் படித்ததில்லை, வாங்கிக் கம்பியில் குத்திவிடுவதோடு சரி.

"அப்படி என்ன தம்பி எழுதற, ராமாயணமா?"

"குறிப்புக் கட்டம்கா. ஒரு மணி நேர வேலையைப் பத்து நிமிஷத்துல எப்படி முடிச்சேன்னு ஆபீஸ்ல குடையறாங்க. அதான் உள்ளதை எழுதிடறேன்." வாசித்துக் காட்டினான்: "பழுது எது என்பதை மெஷின் ஓட்டும் பெண்மணியே கண்டுபிடித்து வைத்திருந்தார்."

அவள் துணிமூட்டையை இறக்கி வைத்தாள். "எவ்வளவு நாளா இப்படி எழுதற?"

"சேர்ந்த நாள்லேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லலையேப்பா."

"நான் சோம்பேறின்னு நானே எப்படிக்கா சொல்றது?"

கம்பியிலிருந்து உருவி எண்ணினாள். அறுபத்து மூன்று சீட்டுகள். கீழே கம்பெனி முத்திரை, தேதி, கையெழுத்து. கவுன்ட்டர் மூடக் கால் மணி நேரம் இருக்கையில், மூன்றே முக்காலுக்கு அவள் கல்லூரியில் நின்றபோது அந்த அம்மாவின் கண்ணாடி தானாகவே கீழே இறங்கியது.

தேர்வுக்கு மூன்று மெஷின்களில் மூன்று பழுதுகளை ஒளித்து வைத்திருந்தார் பயிற்சியாளர். டாக்டரக்கா நாலு சொன்னாள். நாலாவதை நம்பாமல் அவரே ஸ்பானரை எடுத்துத் திறந்து பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் 'நேரடி இரண்டாம் வருஷம்' என்று எழுதினார். அவள் கால் தரையில் பட்டபடிதான் வீடு வந்தாளா என்பதற்குச் சாட்சி கிடையாது.

தையல்காரர் கோட்டுத் துணியைத் தட்டிப் பழைய கணக்கை உதிர்த்தார். "ஃபீஸ் அஞ்சு. அரை ஷிஃப்ட்டுக்கு ஆறு. பதினொண்ணு." சாக்பீஸ் நின்றது. "ஒரு மாசம் மிச்சம். போட்டதை இருபத்திரெண்டு மாசத்துல எடுத்துடலாம்."

"உங்க காஜா மெஷின்?"

"கடையிலதான இருக்கு, ஓடியா போயிடும்?"

"அப்போ இன்னும் மூணு வருஷம் காஜா என் கையாலதானா?" என்றாள் நாத்தனார்.

தையல்காரர் தன் தையல் மெஷினின் பெடலை மிதித்தார். அவள் தலையைச் சாய்த்தாள். "பெல்ட் தளர்ந்திருக்குங்க."

"அதுக்கும் பில்லு போடுவியா?"

"ஒரு வருஷம் கழிச்சுப் போடுவேன்" என்றாள் டாக்டரக்கா. "கீழே கையெழுத்து என்னோடது."