சேமிக்கவா என்று கேட்டது

அவள் குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும், ஆனால் பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், அச்சகத்தில் காகிதம் வெட்டும் கணவர், முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மைக்கைச் செருகினார். குரல் பதியும் மென்பொருளைத் திறந்து மனைவி முன்னால் வைத்தார்.

"இந்தச் சிவப்பு வட்டத்தை அமுக்கிட்டுப் பேசு. முடிஞ்சதும் கூப்பிடு."

"என்னத்தைப் பேச?"

"வாய் ஓயாம பேசுறவ நீ. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. "நீங்க வெளிய போங்க. எதிர்ல நின்னா எனக்கு வராது."

அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் அவள் குரல் முணுமுணுவென்று கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நடுவில் அழுதாள் போலிருந்தது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கூப்பிட்டபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன். நாளைக்கு என்னை உள்ளே கொண்டுபோன பிறகு கேளுங்க."

பதற்றத்தோடு மென்பொருளை மூடப் போனார். சேமிக்கவா என்று கணினி கேட்டது. சரியாகப் படிக்காமல் 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டார். அமுக்கிய பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தார், அழித்தவை கிடக்கும் தொட்டியையும் துழாவினார். எங்கும் இல்லை.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அவள் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி விடுங்க. இன்னொரு தடவை பேசறேன்."

ஆனால் தொண்டை கட்டிவிட்டது. இந்த முறை அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். கட்டிக்கொடுத்த மகளிடம் எரிந்து விழக்கூடாது என்றாள். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. அதை அவர் பத்திரமாகச் சேமித்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து உடம்பு தேறிய பிறகு, ஒருநாள் மனம் பொறுக்காமல் பேனாவை நீட்டினார்.

"அன்னிக்கு முதல்ல என்ன சொன்னே? எழுதியாவது காட்டேன்."

அவள் பேனாவை வாங்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அது தெரிந்து, அவர் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் அழுதார்கள். சத்தம் மட்டும் அவருடையது.