கடைசி அடியில் ஒரு பெயர்

முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றேன். பிறகு எங்கள் தீவின் தலைநகராகிய சுவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தேன். பிறர் எழுதியவற்றைச் சிவப்பு மையால் திருத்தியதைத் தவிர நான் வேறெதையும் எழுதியவள் அல்லள். அதிலும் சூஃபிப் பாடல்களைப் பற்றி வாய் திறக்க, ஓர் இந்துக் குடும்பத்துப் பெண்ணாகிய எனக்கு உரிமை மிகவும் குறைவு. அறிந்த பெரியோர் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு பாடல் முடிவுறாமல் நின்றுவிட்டது. அது என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை. எழுதத் துணிந்ததற்கு வேறு காரணம் இல்லை.

சுவாவின் சமபுலாப் பகுதியில் எங்கள் வீடு சரிவின் ஓரத்தில் இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் கூடத்தில் பாட்டு நடக்கும். பாடுபவர் யூசுப் கோயா, பஸ் ஓட்டுநர். எங்கள் முன்னோரைப் போலவே அவருடைய முன்னோரும் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்தவர்கள். அவர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவார். என் கணவர் தேவேந்திரா டோலக் வாசிப்பார். அவர் நகரத்தில் தையற்கடை வைத்திருந்தார். வேலிக்கு அந்தப்புறத்து வீட்டுக்காரர் இலைசா. அந்த மண்ணின் பூர்வகுடியைச் சேர்ந்த அவர் துறைமுகத் தொழிலாளி. கூடத்தின் நடுவே மரத்தொட்டியில், இலேசான கிறக்கம் தரும் யங்கோனா வேரைக் கரைத்துச் சிரட்டைகளில் எல்லோருக்கும் ஊற்றித் தருவது அவர் பணி. தமிழில் ஒரு சொல்லுக்கும் அவருக்குப் பொருள் தெரியாது. ஆயினும் பல்லவி வரும்போது, தேவாலயத்தில் பாடிப் பழகிய அவருடைய கனத்த குரல் மற்றக் குரல்களுக்கு அடியில் பாய் விரித்தாற்போல் வந்து படியும். பெண்களாகிய நாங்கள் சமையலறை வாயிலில் அமர்ந்து பல்லவியை மட்டும் பாடுவோம்.

பாடல்கள் பல இருந்தாலும் முடிவில் பாடப்படுவது ஒன்றே. அதை இயற்றியவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

கடல் கேட்டேன், உப்பைத் தந்தாய்;
உப்பே போதும், கரைய வை.
உன் வாசல் தூசியாய் என்னை வை,
பெருக்கி எறியாதே, என் நாயகா.

இத்தகைய பாடல்களில் கடைசி அடியில் கவிஞர் தம் பெயரை வைத்து, தம்மைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வது மரபு என்பர். இந்தப் பாடலை இயற்றியவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஆகையால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வாரம் ஒருவர் கடைசி அடியைப் பாடுவார். "இன்னார் வாசல் தூசி நானே" என்று அவர் ஒருவருடைய பெயரை அதில் வைக்க வேண்டும். அன்புக்குரியவர் பெயரை வைக்கக் கோயா விடமாட்டார்.

"பிடிச்சவன் பேரச் சொல்ல பாட்டு எதுக்கு? போன் போட்டு சொல்லிட்டுப் போயேன்" என்பார். "தொண்டையில முள்ளு மாதிரி எவன் நிக்கிறானோ, அவன் பேர வை. அவன் வாசல்ல கெடக்க முடியலன்னா, ஆண்டவன் வாசல் உனக்கு எதுக்கு?"

பெயருக்குரியவர் கூட்டத்தில் இருந்தால் "தூசிக்கும் தூசி நானே" என்று மறுமொழி பாட வேண்டும். இல்லையெனில் அவர் சார்பில் யாரேனும் ஒருவர் பாடலாம். அதன்பின் டோலக்கில் ஒரே ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு விழும்வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

ஒரு வாரம் கோயா தம் பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் யோகேந்திராவின் பெயரை வைத்துப் பாடினார். பாடி முடித்து, "நாளைக்கும் அவன் என்னத் திட்டத்தான் போறான். ஆனா இன்னிக்கி சோறு எறங்கும்" என்றார். இலைசாவின் பன்றி எங்கள் மரவள்ளிப் பாத்தியைக் கிளறிப்போட்ட வாரத்தில் என் கணவர் இலைசாவின் பெயரை வைத்தார். தொட்டியின் முன் அமர்ந்திருந்த இலைசா தம் நாக்குக்கு வந்தபடி மறுமொழியைப் பாட, கூடமே சிரித்தது. மறுநாள் அவர் ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கை எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். பன்றியைக் கட்டிப்போடவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இந்திய வம்சத்தவர் ஆட்சி கூடாதென்று பூர்வகுடியினர் சிலர் ஆயுதங்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். அன்று பிற்பகல் நகரத்தில் எங்களவர் கடைகள் உடைக்கப்பட்டன. என் கணவர் தம் கடையில் துணி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பள்ளிச் சீருடைக்காக வெட்டி வைத்திருந்த துணிகளும் நிலைக்கண்ணாடியும் அவர் கண்ணெதிரே போயின. இறுதியாகத் தையல் மிஷினை ஓர் இளைஞன் தோளில் ஏற்றினான். அவன் இலைசாவின் அக்காள் மகன் விலியாமே. அலமாரி இடுக்கில் அவன் என் கணவரைப் பார்த்துவிட்டான். பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு, மிஷினோடு நடந்தான்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் இலைசா அந்த மிஷினைத் தாமே சுமந்து வந்து எங்கள் வெளிவாயிலில் இறக்கினார். செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை அதன் அருகில் வைத்தார். பின் ஈரப் புல்லில் அமர்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வருபவர் அவர்கள் வழக்கப்படி அப்படித்தான் தரையில் அமர்ந்து காத்திருப்பார். வீட்டுக்காரர் வந்து வேர்க்கட்டைக் கையில் எடுத்தால் மன்னித்ததாகப் பொருள். மழை தொடங்கியது.

"என்னாங்க, நனைஞ்சுகிட்டு உக்காந்திருக்காரு" என்றேன்.

"உக்காரட்டும். நான் எலி மாதிரி உக்காந்திருந்தேனே, அது தெரியுமா உனக்கு?"

"எடுத்தது அவரு இல்லியே. அக்கா மவன்தானே?"

"எந்த வீட்டுச் சோறு தின்னு வளந்தான் அவன்? அன்னிக்கிக் காலையில அவன் எங்க போறான்னு இவனுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

ஊரடங்கு நேரம் நெருங்கியதும் இலைசா எழுந்து போனார். வேர்க்கட்டு மழையில் ஊறிக் குலைந்தது. மிஷினை என் கணவர் உள்ளே எடுக்கவில்லை, என்னையும் எடுக்கவிடவில்லை. கணவரிடம் கோபம் வெளிப்படையாக இல்லை. உண்டார், உறங்கினார். அன்றுமுதல் வெளிவாயில் பக்கத்து ஜன்னலைத் திறக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

ஊரடங்கின் காரணமாக வியாழக்கிழமைப் பாட்டைப் பிற்பகலுக்கு மாற்றினோம். இலைசா வரவில்லை. யங்கோனாவைக் கோயாவே கரைத்தார்.

"நான் கரைச்சா இது குட்டைத் தண்ணி" என்று சிரட்டையை உயர்த்திப் பார்த்து முகம் சுளித்தார். "தேவா, வேலிப் பக்கம் ஒரு கொரல் குடுப்பா. வாய்க்கு ருசியா குடிச்சு எவ்ளோ நாளாச்சு!"

"வேணும்னா நீங்க அவன் வீட்டுக்குப் போயி குடிங்க, பாய்."

கோயா சிரட்டையை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு ஆர்மோனியத்தை இழுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் என் ஆசிரியத் தொழிலின் பேரில் எங்கள் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியா செல்ல அனுமதி வந்தது. அன்றிலிருந்து என் கைகள் ஓயவில்லை. பெட்டிகளை அடுக்குவேன், கலைப்பேன், மறுபடி அடுக்குவேன். மகள் நிலேஷ்னிக்குப் பொறுமை போய்விட்டது.

"மம்மி, அத எத்தன வாட்டி மடிப்பீங்க? அது சாரி, ரொட்டி இல்ல" என்றாள்.

என் மனத்தில் இருந்தது பெட்டி அன்று. என் கணவர் இந்த முள்ளைத் தொண்டையில் வைத்துக்கொண்டே கடல் கடந்து போய்விடுவார் என்று அஞ்சினேன். மண்ணை விட்டுப் போன பிறகு அதை எந்த வாசலில் போய் இறக்கி வைப்பது? அவரிடம் அதைச் சொல்ல நான் வாக்கியங்களை அமைப்பேன். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருக்கும். அவர் எதிரே வந்து நின்றதும், "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

ஒருநாள் நகரத்திலிருந்து கோயாவின் பஸ்ஸில் வீடு திரும்பினேன். வழியில் துப்பாக்கி ஏந்தியவர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒருவரும் நிமிரவில்லை. நான் எல்லோரையும்விடத் தாழக் குனிந்தேன், கேட்காமலே "நன்றி, ஐயா" என்றும் சொன்னேன். மறுபடி பஸ் கிளம்பியபோது கோயா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஊரே குனிஞ்சு கெடக்கு அண்ணி. இதுக்குப் பேரு பணிவா?"

"தெரியலிங்க பாய்."

"இது பயம். துப்பாக்கி போனா நிமிந்துருவோம். பாட்டுல வர்ற தூசி அப்படியா? காத்து அதக் கூப்பிடுது. போறதுக்கு ஆயிரம் எடம் இருக்கு. இருந்தாலும் இந்த வாசல விட்டுப் போக மாட்டேங்குது. ஆசை. வேறென்ன?" பஸ்ஸை வளைத்துத் திருப்பிக்கொண்டே சேர்த்தார்: "நான் பெரிய மகான்னு நெனச்சுராதீங்க. எனக்கும் இப்ப பயந்தான். பிரேக் எங்க இருக்குன்னே தெரியல."

அன்று முழுவதும் என் பணிவைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஆயுள் முழுவதும் குனிந்தவள். அதில் எது பயம், எது அன்பு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். அன்பின் பக்கம் வைக்கக் கைக்கு அதிகம் அகப்படவில்லை.

நாங்கள் புறப்படுவதற்கு முந்திய நாள் வியாழக்கிழமை. நாட்டை விட்டுப் போகிறவரே கடைசி அடியைப் பாட வேண்டும் என்பது, அந்த ஆண்டு பலரை வழியனுப்பியதில் எங்களிடம் வந்து சேர்ந்த வழக்கம். கூட்டம் சுருங்கியிருந்தது. கோயா வழக்கத்தைவிட மெதுவாகப் பாடினார். என் கணவரின் விரல்கள் டோலக்கில் தவறே செய்யவில்லை. நான் சமையலறை வாயிலில் அமர்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்திருந்தது.

கடைசி அடி வந்ததும் கோயா நிறுத்தி, ஆர்மோனியத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"தேவா, பேரு."

"பேரு இல்ல, பாய்."

"பேரில்லாம பாட்டு முடியாதுப்பா."

"முடியாட்டி போவட்டும்."

"யோசிச்சு சொல்லு. நான் பிடிச்சுகிட்டு இருக்கேன்." ஆர்மோனியத் துருத்தியை மேலும் பலமுறை அமுக்கினார். "ரொம்ப யோசிக்காத, கை வலிக்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. சுருதி மட்டும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அப்போது பின்கதவுக்கு வெளியே, வேலிப் பக்கமிருந்து அந்தக் கனத்த குரல் எழுந்தது.

"தேவேந்திரா வாசல் தூசி நானே."

பொருள் தெரியாத அந்த வரியை இலைசா எத்தனையோ வியாழக்கிழமைகளில் கேட்டுக் கேட்டு வைத்திருந்தார். பெயர் வரவேண்டிய இடத்தில் பிசகாமல் பெயரை வைத்தார். பெயருக்குரியவர் கூடத்தில்தான் இருந்தார். மறுமொழி அவருடையது. நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் இறுகியிருந்தன. கண்கள் டோலக்கின் தோலைவிட்டு அகலவில்லை.

நான் எப்போது எழுந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பின்வாசற்படிக்கு வந்திருந்தேன். வேலிக்கு அப்பால் இலைசா சேற்றில் அமர்ந்திருந்தார், அன்று வெளிவாயிலில் அமர்ந்திருந்தது போலவே, தலையைத் தாழ்த்தி. நானும் படியை விட்டு இறங்கித் தரையில் அமர்ந்தேன். பெண்கள் மறுமொழி பாடக்கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒருத்தியும் பாடியதுமில்லை.

"தூசிக்கும் தூசி நானே" என்று பாடினேன்.

சுருதி சேரவில்லை. பாதியில் குரல் உடைந்தது. இலைசா தலை நிமிர்ந்து, "பௌஜி" என்றார். எங்கள் தீவின் இந்தியில் அதற்கு அண்ணி என்று பொருள். மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் என் கணவரின் வலக்கை டோலக்குக்கு மேலே உயர்ந்திருந்தது. தட்டுவதற்காகத்தான் உயர்த்தினார் என்று இன்றும் நம்புகிறேன். அந்தக் கை அப்படியே நின்றது. பின் மெல்ல இறங்கி அவர் மடிமேல் படுத்துக்கொண்டது.

தட்டு விழாததால் ஒருவரும் எழவில்லை. ஊரடங்கு நெருங்கிய பின்னர் கோயாதான் ஆர்மோனியத்தை மூடினார்.

"சரி, பாட்டு தொறந்தே இருக்கட்டும்" என்றார். "பஸ்ஸ எடுத்துட்டுப் போயி ஷெட்ல விடணும். இல்லன்னா யோகேந்திரா என்ன வாசல் தூசியாவே ஆக்கிருவான்."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வாசலில் குனிந்து காலணியை மாட்டுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நாடி நகர விமான நிலையத்துக்கு வாடகை வண்டி வந்தது. என் கணவர் வெளிவாயிலில் அந்த மிஷினருகே நின்றார். அது செந்துருவேறியிருந்தது. அதன் சக்கரத்தில் கை வைத்துச் சுழற்றிப் பார்த்தார். சுழலவில்லை. இலைசாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் கணவர் அந்தப் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். என் கணவர் திரும்பிவந்து வண்டியில் ஏறிக்கொண்டார். கரும்புத் தோட்டங்கள் கடந்து போகப் போக, தம் முழங்காலில் விரலால் அந்தப் பாடலின் தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசித் தட்டுக்கு முன்னால் விரல் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

பிரிஸ்பேனிலும் அப்படியே செய்கிறார். உணவு மேசையில், பேருந்து இருக்கையில், என் தோளில். "ஒருமுறை தட்டிவிடுங்களேன்" என்று சொல்ல நான் இன்றும் வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு இலைசா காலமானதாகக் கோயா தொலைபேசியில் சொன்னார். அன்று என் கணவர் அலமாரிக்கு மேலிருந்து டோலக்கை இறக்கி, துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

இழந்தவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், நீட்டியதற்கும் பொறுத்தருள்க. தையற்கடை ஒன்று, அதன் நிலைக்கண்ணாடியோடு. வெட்டித் தைக்காத பள்ளிச் சீருடைகள். சமபுலா வீடும் மரவள்ளிப் பாத்தியும். தையல் மிஷின் ஒன்று, அது களவு போய்த் திரும்பி வந்த பிறகு இழந்தது. மழையில் ஊறிய வேர்க்கட்டு ஒன்று. வியாழக்கிழமைகள். இலைசா. டோலக்கின் கடைசித் தட்டு ஒன்று.