எட்டடிக்கு அப்பால்

நாற்பது பெண்கள் மேடையில் மூன்று வரிசையாக நின்று, சேலை மடிப்பைச் சரிசெய்து, சிரிப்பையும் சரிசெய்து முடித்த பிறகுதான் ஜெஸ்லாவுக்கு விஷயம் புரிந்தது. லென்ஸின் வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு முகமும் துலங்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் போனால் நடுவில் நிற்கும் மணப்பெண் நப்லா பளிச்சென்று தெரிகிறாள். ஆனால் முப்பது பேர் படத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். பின்னால் வந்தால் எல்லோரும் உள்ளே, எல்லோரும் கலங்கல். எட்டடிக்கு அப்பால் இந்த லென்ஸுக்குக் கண்ணே இல்லை. காலையிலிருந்து மருதாணிக் கையும் நகையும் முகமுமாகக் கிட்ட நின்று எடுத்ததெல்லாம் அவ்வளவு அழகாக வந்ததில், இதை யார் கண்டார்கள்? இரண்டே நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கேமராவோடு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அவளுடைய நல்ல லென்ஸ், தானாகவே குறி பார்க்கிற லென்ஸ், போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் கதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனது. கொழும்பில் திருத்த ஒரு மாதம் என்றார்கள். நப்லாவின் கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. அப்துல் ஸமத் நானாவின் பழைய சாமான் கடையில் ஒரு லென்ஸ் கிடந்தது. பிலிம் காலத்துச் சாமான், அவளைவிட வயதில் மூத்தது, எல்லாவற்றையும் கையால்தான் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு இணைப்பு வளையம் போட்டால் இது புதுக் கேமராவில் உட்காரும் என்று வீடியோக்களில் பார்த்திருந்தாள். வளையத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க மூன்று கிழமை. யோசித்து யோசித்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, திருகோணமலை வீதியில் லேத் வேலை செய்கிற அவள் கணவன் நளீம், "கொண்டாங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். செத்த லென்ஸின் பின்பக்க வளையத்தைக் கழற்றி, அலுமினியத்தில் ஒரு குழாய் கடைந்து, மரை வெட்டி, இரண்டையும் பூட்டிக் கொடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, கடையில் வாங்கினது போலவே இருந்தது.

அப்படிப்பட்ட நளீம் அவள் எடுத்த கல்யாணப் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்துக்குள் ஆண்கள் வருவதில்லை. அங்கே படம் எடுக்கப் பெண்தான் வேண்டும். ஜெஸ்லாவுக்கு இத்தனை வீடுகள் கிடைத்ததே அவள் கொடுத்த வாக்கினால்தான். என்ட வீட்டு ஆம்புளயும் பார்க்க மாட்டார் என்று சொல்லித்தான் ஒவ்வொரு கல்யாணத்தையும் ஏற்பாள். நாலு வருஷமாக அவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடியும்வரை வெளியில் இருந்தான். வேலைத்தளத்தில் கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள். இவனும் சேர்ந்து சிரிப்பான். வியாழக்கிழமை வளையத்தைக் கையில் கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"நாலு வருஷமா ஒங்கட படம் ஒன்னும் நான் கண்டதில்ல. இதுல ஒன்னே ஒன்னு காட்டுங்க. நான் செஞ்சது சரியான்னு பார்க்கத்தான்."

அவள் அரிசி கழுவப் போய்விட்டாள். அது அவளுக்கு மூன்று நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கழிவறையில் லென்ஸைக் கழற்றிப் பார்த்தாள். லென்ஸ் வந்து உட்காரும் இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வட்டம். பைசிக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தான். உலோகம் உலோகத்தில் உரசிக் கீறல் விழக்கூடாது என்று நினைத்திருப்பான். அந்த ஒரு மில்லிமீட்டர் தடிப்புத்தான் லென்ஸை முன்னால் தள்ளி, தூரத்தையெல்லாம் மறைத்துவிட்டது. வீட்டில் வைத்துச் சோதித்தபோது தெரியவில்லை. அவர்கள் வீட்டு முன்னறையில் எங்கே நின்றாலும் ஆறடியில் சுவர். அவள் முக்காட்டு ஊசியைக் கழற்றி ரப்பரை நெம்பத் தொடங்கினாள். எவ்வளவு கவனமாக வெட்டியிருக்கிறான் மனுசன், ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. அழுகை வந்தது. அழ நேரமில்லை. உரித்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி பூட்டியபோது லென்ஸ் ஒரு முழுச் சுற்று கூடுதலாக உள்ளே போனது.

மேடைக்குத் திரும்பி வந்து லென்ஸ் வளையத்தைத் திருப்பியதும் நாற்பது முகமும் துலங்கின. பின்னால் திரைச்சீலையில் இருந்த பூ வேலைகூடத் தெரிந்தது. மணப்பெண்ணின் தாய் மஸீனா கேமராவின் திரையில் பார்த்து மனம் குளிர்ந்து, பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி, இது ஒங்கட கைய விட்டுப் போகாதுதானே?"

"போகாது ராத்தா."

சொல்லிவிட்டாள். சொன்ன வாயோடு நேரே மாடி ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள். கீழே ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கதைத்துக்கொண்டிருக்க, தூரத்தில் மதிலோரமாக நளீம் மோட்டார் சைக்கிளில் தனியாக உட்கார்ந்திருந்தான். தன் ஹெல்மெட் ஒரு கையில், அவளுடையது மடியில். அண்ணாந்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. கோபமான முகம் இல்லை. வெளியில் நில் என்று சொன்னதைக் கேட்டு, நின்று நின்று பழகிப்போன முகம். வீட்டில் இந்த முகத்தை அவன் கொண்டு வந்ததே இல்லை. லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பி, துலக்கத்தை அந்த முகத்துக்குக் கொண்டுவந்து, ஒரே ஒரு படம் எடுத்தாள்.

மாலை அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் கீழே இறங்கி வந்தாள். அவன் ஹெல்மெட்டை நீட்டினான். அவள் கைப்பையிலிருந்து ரப்பர் வட்டத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவன் அதை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தான்.

"ஒரு மில்லி," என்றான். முகம் விழுந்துவிட்டது.

பிறகு அவள் கேமராவைத் திறந்து, கடைசிப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, அவன் கையில் கொடுத்தாள். ஒரு பொத்தான் தவறினால் நாற்பது பெண்களும் வெளியே வந்துவிடுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள்.

லேத்காரன் கண் முதலில் மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகட்டுக்குத்தான் போனது. துலக்கமாக விழுந்திருந்த எழுத்துகளை வாய்க்குள் வாசித்தான். சரி என்பது போலத் தலையாட்டினான். பிறகு மேலே, முகத்துக்கு வந்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

"இப்புடியா இருந்தேன்?"

அவன் விரல்களையெல்லாம் பொத்தான்களிலிருந்து தூக்கிக்கொண்டு, சூட்டுச் சட்டியைப் பிடிப்பது போலக் கேமராவை ஓரங்களில் மட்டும் பிடித்தான்.

"எத அமத்தினா இது மூடும்? சொல்லுங்க. வேற எதுலயாவது கை பட்டுரும்."

ஜெஸ்லா கையை நீட்டினாள். பொத்தான் மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. சின்னத் திரைக்குள் அந்த மனிதன் மடியில் அவள் ஹெல்மெட்டோடு இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.