நாற்பத்திரண்டு தள்ளு

தோளுக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியை இறக்கி, தினமும் காலையில் வந்து ஒரு சுற்று முறுக்கிவிட்டுப் போவதுபோல் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்து இருபத்தாறு நாள் ஆகியும் வலி இம்மிகூடக் குறையவில்லை. வலது கை துணிப்பட்டையில் மார்போடு தொங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு செங்கல்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துடைப்பத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மேஸ்திரி அன்று காலை துடைப்பத்தைத் தூக்கினார்.

கட்டட வேலையில் அவருக்கு 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். தரையைக் கண்ணால் பார்த்தே எந்தப் பக்கம் இறக்கம் என்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டு யாராவது ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால், குமிழி அவர் சொன்னதற்கு ஒத்து ஊதும். இருபத்திரண்டு வருஷமாகத் தரை போட்டே வயிறு வளர்த்த மனுஷன். சொந்த வீட்டில் பாத்திரம் கழுவியது அன்றுதான் முதல் தடவை.

அதற்குக் காரணம் முந்தின நாள் சாயங்காலம். அவர் விழுந்த ஐந்தாம் நாளே மனைவி அட்டைப்பெட்டி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் கொண்டுவருவதில்தான் இப்போது உலை கொதித்தது. நேற்று வந்தவள் வலது மணிக்கட்டில் கிழிந்த துணியைச் சுற்றியிருந்தாள். டம்ளரை இடது கையால் எடுத்தாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. பழைய வலிதான்."

"பழசுன்னா எப்போலேர்ந்து?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? இன்னிக்கு மூணாவது தடவையா பெட்டி கைய விட்டு நழுவிடுச்சு. இன்னொண்ணு விழுந்தா வர வேண்டாம்னுட்டான் சூப்பர்வைசர்."

"நாளைக்கு நான் கழுவறேன். நீ கைய வச்சுக்கிட்டு சும்மா இரு."

அவள் சிரித்தாள். "நீங்களா? ஒத்தைக் கையாலயா? பாத்திரத்துக்கு நல்ல காலம்தான்."

சமையலறை மூலையில், பின்கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர் போகும் ஜாலி இருந்தது. அதன் அருகே உட்கார்ந்துதான் பாத்திரம் கழுவ வேண்டும். இடது கையால் தேய்த்து, இரண்டு விழுந்து, ஒன்று நசுங்கி, ஒருவழியாக முடித்தார். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் ஜாலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எதிர்ப்பக்கம் ஓடி, அடுப்படிச் சுவரோரம் சிலிண்டரைச் சுற்றித் தேங்கியது.

துடைப்பத்தை இடது கையில் பிடித்துத் தள்ளினார். பாதி போனது, மீதி திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. சிலிண்டரை நகர்த்தாமல் முடியாது என்று தெரிந்ததும் காலால் உதைத்து நகர்த்தினார். அதன் அடியில் துருவட்டம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு நாளும் அவள் அந்தச் சிலிண்டரை உருட்டி வைத்திருக்கிறாள். தரை காய்ந்தபோது அவர் எண்ணியிருந்தது நாற்பத்திரண்டு தள்ளு. வலிக்காத தோளும் வலித்தது.

சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் தரையைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து ஜாலிவரைக்கும் ஒரு பாதை மட்டும் சிமெண்ட் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. துடைப்பம் போன தடம். 'மாசத்துக்கு ஒரு துடைப்பம் வாங்கறியே, திங்கறியா என்ன?' என்று அவர் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்!

காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பதினோரு வருஷம். பெருக்கிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

தரையின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடவேண்டிய சரிவு, தப்பு என்பது அவருக்கு இன்று தெரிந்த சங்கதி இல்லை. போட்ட வாரமே தெரியும். பகலெல்லாம் அடுத்தவன் வீட்டில் தரை போட்டுவிட்டு, சாயங்காலம் மிச்சக் கலவையைக் கொண்டுவந்து தன் வீட்டில் இறைத்த நாள் அது. தரை மட்டத்துக்கு நூல் கட்ட அடுப்படிச் சுவரில் மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி அடித்திருந்தார். ஆள் யாரும் இல்லாததால் அவள்தான் நூலின் மறுமுனையைப் பிடித்தாள்.

"மேல் ஆணியிலதானே கட்டணும்?" என்று கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும்? கீழ கட்டு."

கட்டினாள். அந்தப் பக்கம் தரை தாழ்ந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

குடிவந்த மறுவாரம், அவளுடைய தம்பியும் மேஸ்திரியோடு வேலை செய்கிற மூன்று கொத்தனார்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஜாலிப்பக்கம் போக மாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னாள். நாலு பேரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். ரசமட்டம் வீட்டுத் தரையா? ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

"நான் போட்ட தரையில தண்ணி நின்னுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல," என்றார் மேஸ்திரி. "இவளுக்குத் தண்ணி தள்ளத் தெரியல. வேற ஒண்ணுமில்ல."

நாலு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் உள்ளே போனாள். அதற்கப்புறம் தரையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவரும் அடுத்த மாதம் சரிபண்ணிவிடலாம் என்று இருந்து, பிறகு அப்படி இருந்ததையே மறந்துவிட்டார். வாட்டம் தப்பு என்பது தெரியும். அது ஒரு மணிக்கட்டைத் தின்னும் என்பதுதான் தெரியாது.

அடுத்த மூன்று நாளும் இடது கையில் சுத்தியலும், காலிடுக்கில் உளியுமாக உட்கார்ந்து தரையைக் கொத்தினார். டாக்டர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். அவள் வேலையிலிருந்து வந்து, தூசியும் சில்லுமாகக் கிடந்த அடுப்படியைப் பார்த்தாள். அடுப்பைத் தூக்கி முன்னறையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் தன் வேனில் மணலும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு வந்தான். வேன் ஓட்டுபவன், வாயும் அதே வேகத்தில் ஓடும்.

"என்ன மாமா, கடைசில ரசமட்டம் வீட்டுலயே குமிழி தடம் மாறிடுச்சா?"

மேஸ்திரி கலவைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாசலில் அவள் இடது கையால் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். நாலு பேரில் ஒருத்தன் எதிரே நிற்கிறான். மற்ற மூன்று பேர் காதுக்கு அவனே சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். ஒரு வாக்கியம், அவ்வளவுதான். மேஸ்திரி கலவைத் தட்டைக் காலால் நகர்த்தினார்.

மச்சினனே வழி எடுத்துக் கொடுத்தான். "பதினோரு வருஷம் ஆச்சுல்ல? மண்ணு உக்காந்திருக்கும்."

"ஆமா மாப்ள," என்றார் மேஸ்திரி. "அந்தப் பக்கம் மண்ணு உக்காந்திருச்சு."

சல்லடை நின்றது. கொஞ்சம் கழித்துத்தான் மறுபடி ஆடியது.

மண் உட்கார்ந்தால் சுவர் விரிசல் விடும். அந்தச் சுவரில் மயிரிழைக் கீறல்கூடக் கிடையாது. இது அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஒரு மேஸ்திரியோடு குடித்தனம் நடத்தியவளுக்கும் தெரியும். வேன் ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியாது.

கலவை தயாரானதும் நூல் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மச்சினன் மண்வெட்டியை விட்டு வரமுடியாது. அவள் வந்து அடுப்படிச் சுவரோரம் குந்தினாள். பழைய ஆணிகள் இரண்டும் துருப்பிடித்து அப்படியே இருந்தன. நூலைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி காதில் விழாத குரலில் கேட்டாள்:

"எந்த ஆணியில கட்டணும்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல்."

கட்டினாள். முடிச்சை இழுத்து இறுக்கும்போது மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இறுக்கினாள்.

மத்தியானத்துக்குள் தரை போட்டு முடிந்தது. கலவையைத் தேய்த்துச் சமமாக்கும் மணியாஸ் கட்டையை இடது கையால் ஓட்டியதில் அங்கங்கே அலை தெரிந்தது. அவர் போட்டதிலேயே அசிங்கமான தரை அதுதான். ஆனால் குமிழி ஓட வேண்டிய பக்கம் ஓடியது.

நாலாம் நாள் காலையில் முதல் வாளித் தண்ணீரை அவளே ஊற்றினாள். பழக்கதோஷத்தில் துடைப்பத்தோடு அடுப்படிச் சுவர்ப்பக்கம் போய் நின்றாள். அங்கே தள்ள ஒன்றுமில்லை. தண்ணீர் அலையலையாக நடந்து, ஜாலியில் இறங்கி, கடைசிச் சொட்டுவரை சத்தம் போட்டுக்கொண்டு போனது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"போயிடுச்சு," என்றாள்.

"ம்."

"இனிமே துடைப்பம் நாலு மாசத்துக்கு வரும்."

ஷெட்டிலிருந்து அனுப்பிய ஆஸ்பத்திரியில் அவள் மணிக்கட்டுக்கு ஆறு வாரம் பட்டை போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் பெட்டி தூக்காமல் லேபிள் ஒட்டச் சொல்லியிருக்கிறான் சூப்பர்வைசர். ஆறு வாரத்தில் சரியாகாவிட்டால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தெருவைப் பார்த்தபடி சொன்னாள்: "தம்பி கேட்டப்போ பழியத் தூக்கி மண்ணு மேல போட்டுட்டீங்க."

மேஸ்திரி வாயைத் திறந்தார்.

"போகட்டும். மண்ணு திரும்பப் பேசாதுல்ல."

"பஸ் போயிடும்," என்றார் மேஸ்திரி.

அவள் போனாள். அவர் உள்ளே வந்து, இடது கையால் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். தண்ணீர் தானாகப் போனது. தள்ள வேண்டிய வேலையே இல்லை.

தரை சரியாகிவிட்டது. ஆனால் அவளுக்குத் தள்ளத் தெரியவில்லை என்று அவர் சொன்னது நாலு பேருக்கு முன்னால். தப்பு தன்னுடையது என்று அதே நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியது அவர் அவளுக்குப் பட்ட கடன். அதை அவர் இன்னும் கொடுக்கவில்லை.